கோட்டில் குடியிருப்பவர்

என் சகலன் நளீமின் வீட்டுக்கு மேல்மாடி எழும்பிய நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நான் யாருக்கும் ஒளிக்கவில்லை. டொக்டரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் வாயுவுக்குக் குளிசை எழுதித் தந்தார்.

நான் மீராசாஹிபு. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். நளீம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். மூத்தவள் றஹீமாவை நான் முடித்தேன், இளையவள் றுக்ஸானாவை அவன் முடித்தான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து பெண்வீட்டில் குடியிருந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பெட்டியோடு வந்தவர்கள்தான்.

மாமியின் வளவு இருபத்துநாலு அடி அகலம். றோட்டில் தொடங்கிக் கடற்பக்கமாக நீண்டு போகும். குறுக்கே வெட்டினால் ஒருத்திக்கு றோட்டும் மற்றவளுக்குக் கடலும் வரும். கடலைச் சீதனமாக எந்த மாப்பிள்ளையும் ஏற்பதில்லை. அதனால் நெடுக்கே வெட்டி ஆளுக்குப் பன்னிரண்டு அடி தந்தார்கள். மாமியின் உம்மாவுக்கு நாற்பத்தெட்டு அடி இருந்ததாம். அவவின் உம்மாவுக்குத் தொண்ணூற்றாறு. தலைமுறைக்கு இரண்டு பெண்ணாகப் பெற்றுப் பெற்று வளவை ஒடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் உசாராக ஒரு மகளோடு நிறுத்திக்கொண்டேன். பஸ்லியாவுக்கு வளவை வெட்டத் தேவையில்லை, மேலே எழும்பினால் போதும்.

நளீம் வந்து குடியேறிய வருடம் நான் நடுவில் ஒரு மதில் கட்டினேன். எல்லைக்கோட்டில் கட்டினால் பாதி மதில் அவனுக்குச் சொந்தமாகிவிடும் என்ற எண்ணத்தில், முழு மதிலையும் என் பக்கத்திலேயே வைத்துக் கட்டினேன். நாலு அங்குலக் கல். அவன் அதில் ஒரு துணிகூடக் காயப்போட முடியாது என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

இருபது வருடம் கழித்து அவன் பழிவாங்கினான். எட்டாம் ஆண்டு படிக்கிற மகளுக்கு இப்பவே மேல்மாடி. நீலக் கண்ணாடி ஜன்னல். முன்பக்கம் பல்கனி. பல்கனிக்கு வெள்ளி நிறத்தில் மினுங்குகிற கம்பி பன்னிரண்டு. சுபஹுத் தொழுகைக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் எண்ணுவேன். ஒரு நாளும் குறையவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பஸ்லியாவுக்கு மருதமுனையில் சம்பந்தம் பொருந்தி வந்தது. நல்ல இடம், நல்ல பிள்ளை. ஒரேயொரு வார்த்தைதான் சொன்னார்கள். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை நிக்காஹ், அதற்குள் மேல்மாடி முடிந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் மன்னிக்க வேண்டும். எனக்கு ஒன்பது மாதம் இருந்தது.

“இஞ்ச பாருங்க, நளீம் எப்பிடிக் கட்டின எண்டு ஒருக்காக் கேளுங்களன்” என்றாள் றஹீமா.

“நான் அவனிட்டக் கேக்கிறதா? கடல் வத்தட்டும் பாப்பம்.”

கேட்காமலே போனேன். எங்கள் ஊரில் மூன்று வருடத்துக்கு முன் வடிவ ஒழுங்குப் பணிமனை என்று ஒன்று திறந்திருந்தார்கள். வீடு கட்டுவதென்றால் இனி அங்கேதான் அனுமதி; நளீம் அதற்கு முன்னமே எடுத்து வைத்த பழைய அனுமதியில் கட்டியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உரக்கடைக்கு மேலே, செங்குத்தான படி. உள்ளே சுவர் முழுக்கப் படம்: புள்ளி, கோடு, தளம், திண்மம். கீழே ‘வடிவமே வாழ்வு’ என்று எழுதியிருந்தது.

கருமபீடத்தில் இருந்த பிள்ளை தர்சிகா, பாண்டிருப்பு ஊர். என் கடையில்தான் சட்டை தைப்பாள். அந்த உரிமையில், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டு, உண்மையைச் சொன்னாள்.

“நானா, முதல்ல புள்ளிப் பிரிவு. புள்ளி சரிவந்தால் கோட்டுப் பிரிவு. பிறகு தளம். கடைசியாத்தான் திண்மம். மேல்மாடி திண்மத்திலதான் வரும்.”

“மகள், எனக்கு மேல்மாடி மட்டும் போதும்.”

“அது எனக்கு விளங்குது நானா. அவையளுக்கு விளங்காது.”

விண்ணப்பப் படிவம் ஒன்று தந்தாள். ‘புள்ளியின் நீளம், அகலம், உயரம்’ என்று மூன்று கட்டம் இருந்தது. மூன்றிலும் ‘இல்லை’ என்று எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் படிவம் பூரணமற்றது. அடுத்த பக்கத்தில் ‘மேற்படி புள்ளியின் வர்ணப் புகைப்படம் இரண்டு இணைக்கவும்’ என்று இருந்தது.

இரண்டு கிழமை கழித்துப் புள்ளி பார்க்க வேன் வந்தது. உத்தியோகத்தர் இராசதுரை இறங்கினார். அவருக்குப் பின்னால் மூன்று உதவியாளர்கள், ஒரு குடை. றோட்டோரம் இருந்த எல்லைக்கல்லைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் துக்கமாகப் பார்த்தார்கள்.

“இது என்ன?”

“எல்லைக் கல்லு சேர்.”

“எவ்வளவு பெரிசு?”

“ஆறு அங்குலம் வரும்.”

“மீராசாஹிபு, புள்ளிக்கு இடம் மட்டும்தான் உண்டு. அளவு இல்லை. அளவுள்ள ஒன்றை இருபது வருசமாகப் புள்ளி என்று வைத்திருக்கிறீங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லல்லையா?”

கல்லைக் கிண்டி எடுத்தார்கள். அந்த இடத்தில் என்னுடைய தையல் சோக்கினால் ஒரு பொட்டு வைத்தேன். அதுவும் பெரிசாம். சோக்கைப் பிளேட்டால் சீவினேன். அப்பவும் பெரிசு. கடைசியில் இராசதுரை என் சட்டைக் கொலரில் குத்தியிருந்த ஊசியைக் கேட்டு வாங்கி, குனிந்து மணலில் ஒரு குத்துக் குத்தினார். காற்று வந்தது. மணல் மூடியது.

“இப்ப தெரியுதா?”

“இல்ல சேர்.”

“அதுதான் புள்ளி.”

நாலு மூலையிலும் இப்படியே நடந்தது. ‘குறித்த நான்கு இடங்களிலும் எதுவுமில்லை என்பது நேரில் பார்த்து உறுதிப்படுத்தப்பட்டது’ என்று எழுதினார்கள். நானும் அயலவன் என்ற முறையில் நளீமும் சாட்சிக் கையெழுத்து வைத்தோம். நளீமின் கையெழுத்து என்னுடையதை விட வளைவு நெளிவாக இருந்தது. கல் நாலும் வேனில் ஏறிப் போயின.

கோட்டுப் பிரிவு இன்னும் ஐந்து மாதம் எடுத்தது. அதற்கும் இராசதுரைதான் வந்தார். இந்தமுறை மதிலைத் தட்டிப் பார்த்தார்.

“கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. இந்த மதிலுக்கு நாலு அங்குல அகலம் இருக்கு. ஆகவே இது எல்லைக்கோடு இல்லை. உங்கட காணிக்குள்ள நிக்கிற ஒரு திண்மம்.”

“நல்லம் சேர். என்ட காணிக்குள்ளதான் கட்டின. எவ்வளவு கஷ்டப்பட்டு உள்ளுக்குத் தள்ளிக் கட்டின எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

“அப்ப மதிலைக் கழிச்சால் உங்கட அகலம் பதினொரு அடி எட்டு அங்குலம்.”

“ஓம்.”

“பன்னிரண்டு அடிக்குக் குறைஞ்ச காணி, சுற்றறிக்கைப்படி, தளம் இல்லை. கோடு.”

“சேர், இதுல அடுப்படி இரிக்கி, கிணறு இரிக்கி, நாங்க மூணு பேர் இரிக்கிறம்.”

“இருக்கலாம். ஆனால் கோட்டுக்குப் பரப்பு இல்லை. பரப்பு இல்லாத இடத்தில மாடி கட்டேலாது.”

“அப்ப நான் இருவது வருசமா எங்க சேர் படுத்து எழும்பின?”

இராசதுரை என் விண்ணப்பக் கோப்பைப் பார்த்துச் சொன்னார்: “கோட்டில.”

போகிறபோக்கில் நளீமின் பக்கத்தையும் அளந்தார். பன்னிரண்டு அடி, ஒரு நூல் குறையவில்லை. மதில் முழுக்க என் பக்கம் இருந்தபடியால் அவன் முழுத் தளம். நளீம் பல்கனியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு, “காக்கா, ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த இனிப்பு அவனுடைய தேத்தண்ணியில் இருந்திருக்காது. நானே என் கையால் கட்டிக் கொடுத்த தளத்தில் அவன் நிற்கிறான் என்பதை நினைக்க நெஞ்சு எரிந்தது.

அடுத்த மாதம் பணிமனை ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தது. தளவாசிகளுக்குக் கதிரை. கோட்டுவாசிகள் சுவரோரம் வரிசையாக நிற்க வேண்டும். ஐம்பது அறுபது பேர் நின்றோம். வாசற்கதவு காற்றில் அடிக்காமல் ஒரு கல் வைத்திருந்தார்கள். பார்த்தேன், என்னுடைய எல்லைக்கல். அளவு இருப்பதால் புள்ளிக்கு உதவாத கல் கதவுக்கு உதவியது.

பணிப்பாளர் அப்ராஸ் மேடையேறினார்.

“இந்தப் பணிமனை வருவதற்கு முன் இந்த மக்கள் என்ன வடிவத்தில் வாழ்கிறோம் என்று தெரியாமலே வாழ்ந்தார்கள். சாப்பிட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், மௌத்தானார்கள். வடிவம் தெரியாது! இன்று, அல்ஹம்துலில்லாஹ், ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் கோட்டில் இருக்கிறோம் என்ற தெளிவு பிறந்திருக்கிறது. மூன்று வருடத்தில் நாங்கள் ஒருவருடைய வீட்டையும் தடுத்ததில்லை. நிலமே இல்லை என்று நிரூபித்த பிறகு வீட்டை ஏன் தடுக்க வேண்டும்? சிலர் கேட்கிறார்கள், இந்தப் பணிமனைக் கட்டடம் என்ன வடிவம் என்று. நியாயமான கேள்வி. அதற்கொரு குழு அமைத்திருக்கிறோம். தலைவர் நான்தான். குழு இன்னும் கூடவில்லை. கூடுவதற்கு வடிவம் அங்கீகரிக்கப்பட்ட இடம் கிடைக்கவில்லை. வட்ட மேசை கேட்டு எழுதினோம், சதுர மேசை அனுப்பினார்கள். சகோதரர்களே, ஆறு மாதமாக நான் மூலையில் இருந்து உங்களுக்குச் சேவை செய்கிறேன்.”

கை தட்டினார்கள். கோட்டில் இருந்த நாங்களும் தட்டினோம். பிறகு தின்பண்டம் பரிமாறினார்கள். றோல்ஸ் தட்டில் ‘உருளை’ என்றும் பெட்டி வடிவில் வெட்டிய கேக் தட்டில் ‘கனவுரு’ என்றும் அட்டை குத்தியிருந்தது. கோட்டுவாசிகளுக்குக் குச்சி முறுக்கு.

அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். “முன்மாதிரித் தளவாசி!” என்று கூப்பிட்டு நளீமை மேடையேற்றி, மரத்தில் செய்த ஒரு சதுரமுகிக் கட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆறு பக்கமும் வார்னிஷ். அவன் அதைக் கடைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, உள்ளே ஒரு பல்பும் பூட்டினான். சந்தைக்குப் போகிற வழி அதுதான். வேறு வழியால் போனால் கால் மைல் கூட. நான் கூடத்தான் நடந்தேன்.

அன்று பின்னேரமே ஒரு மனு எழுதினேன், ஒன்றரைப் பக்கம். நளீமின் பல்கனி எனது வளவுக்கு மேலே ஒரு அடி நீண்டு எனது காற்றைக் குடிக்கிறது என்று முறையிட்டேன். மூன்று நாளில் பதில் வந்தது. அந்தப் பணிமனையில் அவ்வளவு விரைவாக வந்த பதில் அதுதான். ‘கோட்டுக்கு மேலே வளி கிடையாது.’

பெருநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மருதமுனையில் இருந்து மாப்பிள்ளையின் மூத்தம்மா வந்து, கொங்கிறீட் தட்டுப் போட்டாச்சா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பஸ்லியா கலியாணப் புடவைக்குச் சட்டை தைக்கத் தந்திருந்த துணியை, “வாப்பா, அவசரமில்ல” என்று திருப்பி எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறாமை மறந்து பயம் வந்தது.

எனக்குத் தேவை நாலு அங்குலம். அது மதிலுக்குள் இருந்தது.

அடுத்த நாள் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு மதிலை இடிக்க அலவாங்கு எடுத்தேன். இருபது வருடம் என் மானத்தைக் காத்த மதில். முதல் கல் விழுந்த இடைவெளியால் நளீமின் பல்கனிக் கம்பி பன்னிரண்டும் முழுசாகத் தெரிந்தது. மதில் ஓரத்தில் பஸ்லியா ஏறி நிற்கிற ஒரு கொங்கிறீட் கட்டி கிடந்தது. நளீமின் முருங்கையில் இலை ஆய வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அதையும் தூக்கி எறிந்தேன். பின்னேரமாகும்போது மதில் இல்லை. றஹீமாவும் றுக்ஸானாவும் அந்த இடத்தால் ஒரு சுளகைக் கைமாற்றிச் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இராசதுரை வந்து நாடாவை விரித்துக்கொண்டு நின்றார்.

“எல்லை எங்க?”

“கல்லு ஒங்கட கந்தோர்க் கதவுக்குப் பின்னால சேர்.”

“மதில்?”

“அது கோடில்ல எண்டு நீங்கதான் சென்னீங்க. ஒடச்சுட்டன்.”

அவர் நாடாவைச் சுருட்டினார். பிறகு றோட்டில் இருந்து பார்த்தார். கடற்பக்கம் போய் நின்றும் பார்த்தார். உதவியாளர் குடையோடு பின்னால் ஓடினார்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. ‘நேரில் பரிசீலித்ததில் புள்ளியோ கோடோ காணப்படாமையால், மேற்படி இடம் இருபத்துநாலு அடி அகலமான ஒரே தளம் எனத் தீர்மானிக்கப்படுகிறது. அத்தளத்தில் மேல்மாடி ஒன்று ஏற்கனவே உள்ளது. ஆகவே மேல்மாடி கேட்டுத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் தேவையற்றது.’ பிரதி: ஜனாப் நளீம், மேற்படி மேல்மாடியின் அரைப் பங்காளர்.

கடைசி வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். வாழ்க்கையில் எந்தக் கடிதமும் எனக்கு அவ்வளவு சுகம் தந்ததில்லை. ஆனால் அரை மாடியில் அடுத்தவனுடைய மகளின் அறைக்குள் என் மகளைக் குடிவைக்க முடியுமா? சுகம் பின்னேரம் வரைதான் இருந்தது.

காலையில் பணிமனைக்கு ஏறினேன். நளீம் எனக்கு முன்னமே அங்கே நின்றான். அவன் கையிலும் கடிதம். இத்தனை மாதம் கண்ணாடியில் நான் பார்த்த முகம் இப்போது அவன் கழுத்துக்கு மேலே இருந்தது.

“காக்கா, என்ட மாடி எப்பிடி ஒங்களுக்கு அரைவாசி ஆகும்?”

“நான் கேக்கல்ல. தந்திரிக்காங்க.”

தர்சிகா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மேசையின் மூலையில் இருக்கும் பணிப்பாளருக்குக் கேளாமல் குரலைத் தாழ்த்தினாள்.

“நானா, புது மாடிக்குத்தான் புள்ளி, கோடு எல்லாம். இருக்கிற மாடியை நீட்டுறதெண்டால் ஒண்டும் வேண்டாம். ஒரு கடிதம், பங்காளர் ரெண்டு பேரின்ட கையெழுத்து. இண்டைக்கே முத்திரை குத்தித் தாறன்.”

“இத முதல்லயே செல்லியிருந்தா?”

“முதல்ல உங்களிட்ட மாடி இருக்கல்லையே.”

நான் கையெழுத்து வைத்தேன். பேனாவை நளீமிடம் நீட்ட வேண்டும். இருபது வருடத்தில் நான் அவனிடம் ஒரு தீக்குச்சி கேட்டதில்லை.

“நளீம், நீ வைக்காட்டி பஸ்லியாட காரியம் நிண்டுரும்.”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒங்களுக்கெண்டா வைக்கமாட்டன் காக்கா” என்றான். “பஸ்லியாக்கெண்டா வைக்கிறன்.”

அவன் வளைத்து நெளித்துக் கையெழுத்து வைக்கும் வரைக்கும் பிடித்துக்கொள்ளும்படி தர்சிகா எங்கள் வளவுக்கான கோப்பை என் கையில் தந்தாள். புரட்டினேன். என் மனுவுக்குக் கீழே இன்னொரு மனு. பணிமனை திறந்த முதல் கிழமைத் திகதி. நளீமின் கையெழுத்து.

‘என் சகலர் மீராசாஹிபு பற்றியது’ என்று தொடங்கியது. என் பக்கத்துக் கிணற்றில் நல்ல தண்ணி, அவன் பக்கத்தில் உப்பு. மாமி முதல் மீனை மூத்தவளுக்கே அனுப்புகிறா. நான் மதில் கட்டியது அவனைப் பார்க்க அருவருத்துத்தானாம். கடைசிப் பந்தி இது: ‘அவரது மகள் ஒவ்வொரு காலையும் ஒரு கல்லில் ஏறி மதிலுக்கு மேலால் எட்டி, சாச்சா என்று எனக்கு ஸலாம் சொல்லும். எனது பிள்ளைகள் போனில் இருந்து தலை நிமிர்த்துவதில்லை. ஒருவருக்கே எல்லாம் கிடைப்பது ஒழுங்கா என்பதைப் பணிமனை ஆராய வேண்டும்.’

நான் அவனுடைய கம்பியை எண்ணத் தொடங்குவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னமே அவன் என் வீட்டை எண்ணியிருக்கிறான். எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? என்னைப் பார்த்தும் ஒருவனுக்கு எரிந்திருக்கிறது! பிறகுதான் கவனித்தேன். அவனுடைய மனு மூன்று பக்கம், மேலே ‘அவசரம்’ என்று சிவப்பு முத்திரை. என்னுடையதில் ஒரு முத்திரையும் இல்லை.

மாடி நீண்டது. பெருநாள் கழிந்து சொன்ன திகதியில் நிக்காஹ் நடந்தது. கலியாணச் சாப்பாட்டு ஸஹனில் நானும் நளீமும் ஒரே தட்டில் கை வைத்தோம். அவன் இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினான், நானும் திருப்பித் தள்ளினேன். ஊர் எங்களைப் பாராட்டியது.

என் பக்கத்துப் பல்கனிக்குப் பதின்மூன்று கம்பி போட்டேன். அதைவிட உயர்ந்த சரக்கு. காலையில் அவன் வெளியே வந்து எண்ணட்டும் என்று நான் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தேன்.

அவன் வந்தான். மேலே பஸ்லியா வந்து கம்பியைப் பிடித்துக் குனிந்து, “சாச்சா, அஸ்ஸலாமு அலைக்கும்” என்றாள். மதில் இல்லை, கல்லில் ஏறத் தேவையில்லை, குரல் முழு வளவுக்கும் கேட்டது. அவன் முகம் மலர்ந்து பதில் சொன்னான். கம்பியை அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் நான் இருந்த பக்கம் திரும்பி, “வாப்பா, தேத்தண்ணி குடிச்சா?” என்று கேட்டாள். அவனுக்கு முதல், எனக்கு இரண்டாவது. அன்றும் எனக்குச் சோறு இறங்கவில்லை.